செயலாளரின் ஆண்டறிக்கை: நலத்திட்டத் தகவல் பணியாளரைச் சென்றடைவது குறித்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் மனிதவள, நலத்துறை அலுவலர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிறுவனங்கள் செலவு செய்து நடத்தும் உடல்நலத் திட்டங்களும் மருத்துவச் சலுகைகளும் பணியாளருக்குத் தெரியாமலே போவது ஏன் என்ற கேள்வியை, சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டுக் கூட்டங்கள் அனைத்திலும் எடுத்துக்கொண்டோம். "சுற்றறிக்கை அனுப்பியாயிற்றே" என்பதுதான் நம்மில் பலர் வழக்கமாகச் சொல்லும் விடை. அனுப்பியதற்குக் கோப்பில் சான்று இருக்கிறது. படித்தவருக்குப் புரிந்ததா என்பதற்குத்தான் எவரிடமும் சான்று இல்லை.

முதல் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் தத்தம் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டுச் சுற்றறிக்கையைப் பெயர் மறைத்து எடுத்து வந்திருந்தனர். பெரும்பாலானவற்றில் முதல் பத்தி நிர்வாகத்தின் அக்கறையைப் பாராட்டியது. சேர்வதற்கான கடைசி நாளோ உள்பக்கமொன்றில் அடிக்குறிப்பாக ஒதுங்கியிருந்தது. ஒன்றில், முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் (சேர்ந்தபின் அந்நோய்களுக்குக் காப்பீடு கிடைக்காத தொடக்கக் காலம்) பொருந்தும் என்று எழுதி, விவரத்துக்கு இணைப்பைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், இணைப்பையே காணவில்லை. அதைத் திருத்தி எழுதியபோது முதல் வரி இப்படி அமைந்தது: "இம்மாதக் கடைசிக்குள் படிவம் தராதவர்களுக்கு அடுத்த ஆண்டுவரை காப்பீடு கிடையாது." யார் யாரைச் சேர்க்கலாம், சம்பளத்தில் பிடித்தம் உண்டா, மருத்துவமனையில் சேருமுன் அனுமதி வாங்க வேண்டியவர் யார், நள்ளிரவில் யாரை அழைப்பது என்பவை அடுத்தடுத்து வந்தன, எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கின. விதிமுறைச் சொற்களை எளிமைப்படுத்தினால் பிற்பாடு வழக்கு வரும் என்று சிலர் ஆட்சேபித்தனர். அந்த அச்சம் நியாயமானதே என்பதால், முழு விதிகள் தனியே இருக்கட்டும், எளிய பக்கத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் காட்டி ஒப்புதல் பெற்றபின் வெளியிடலாம் என்று முடிவாயிற்று.

மருத்துவப் பரிசோதனை முகாம்களைப் பற்றிய விவாதம் இரண்டு கூட்டங்களுக்கு நீண்டது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆகவே, நன்றாக இருக்கும்போதே ஏன் பரிசோதிக்க வேண்டும் என்பதை அறிவிப்பு சொல்லியாக வேண்டும். ஆனால் பணியாளர் மனத்தில் முதலில் எழும் கேள்வி அதுவல்ல. பரிசோதனை முடிவு யார் கைக்குப் போகும் என்பதே. மனநல ஆலோசனைக்குப் பெயர் பதியும் தாளை வருகைப் பதிவுக் கருவிக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் தொங்கவிட்டு, கடைசிவரை அது வெற்றுத் தாளாகவே இருந்ததை ஓர் உறுப்பினர் விவரித்தார். அத்தனை பேர் பார்வையில் அந்தத் தாளில் யார்தான் பெயர் எழுதுவார்? தாளை எடுத்துவிட்டு, ஆலோசகரை நேரடியாக அழைக்கும் எண்ணையும், நிறுவனத்துக்கு எண்ணிக்கை மட்டுமே வரும், பெயர் வராது என்ற உறுதியையும் சம்பளச் சீட்டின் பின்புறம் அச்சிட்ட பிறகே அழைப்புகள் வரத் தொடங்கினவாம். ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள பிரிவில் வெறும் எண்ணிக்கைகூட ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், அங்கே பிரிவுவாரிக் கணக்கே கேட்கக் கூடாது என்பது செயற்குழுவின் கருத்து.

திட்டங்களின் பலனை மிகைப்படுத்தும் வழக்கத்தையும் ஆராய்ந்தோம். அமெரிக்காவின் ஒரு சில்லறை வணிக நிறுவனத்தில் 160 பணியிடங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், நலத்திட்டம் நடந்த இடங்களில் பணியாளர்கள் உடற்பயிற்சி கூடியதாகச் சொன்னபோதிலும், 18 மாதங்களுக்குப் பின்னும் இரத்த அழுத்தம் முதலிய அளவீடுகளிலோ மருத்துவச் செலவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகப் பணியாளரிடையே நடந்த ஆய்வோ, தாமாக வந்து சேர்பவர்கள் முன்பே மருத்துவச் செலவு குறைந்தவர்கள் என்று காட்டியது. திட்டங்களைக் கைவிடுவதற்கு இவை காரணமாகா. ஆயினும் "சேருங்கள், நோயின்றி வாழுங்கள்" என்று அச்சிடும் துணிச்சலை நாம் விட்டொழிக்கலாம். வந்தவர் தலையை எண்ணித் திட்டம் வெற்றி என்று நிர்வாகத்துக்கு எழுதுவதையும் நிறுத்தலாம். வராதவர் ஏன் வரவில்லை என்று விசாரிப்பதே பயனுள்ள வேலை.

பாதுகாப்பான, உடல்நலத்துக்கு உகந்த பணிச்சூழலைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022 ஜூனில் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அதையொட்டி, ஏப்ரல் 28ஆம் நாளான பணியிடப் பாதுகாப்பு, உடல்நல தினத்தன்று தொழிற்சங்கப் பிரதிநிதிகளையும் அழைத்திருந்தோம். கூடுதல் நேர வேலைக்கான உத்தரவும் மன அழுத்தத்தைக் குறைக்கும் மூச்சுப் பயிற்சிக்கான அழைப்பும் ஒரே பலகையில், ஒரே கையொப்பத்தோடு தொங்கினால் தொழிலாளி எதை நம்புவார் என்று அவர்களில் ஒருவர் கேட்டார். சொல்லும் முறையைச் சீராக்கி இதைத் தீர்க்க முடியாது என்பதால், வேலை நேரம் குறித்த அக்கேள்வியை அப்படியே அவரவர் நிர்வாகத்திடம் கொண்டுசெல்ல உறுப்பினர்கள் இசைந்துள்ளனர்.

மின்னஞ்சல் இல்லாத ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர், இரவுப் பணி செய்வோர் ஆகியோருக்குப் பணிமுறை மாறும் வேளையில் மேற்பார்வையாளர் சில நிமிடம் நேரில் விளக்கும் ஏற்பாட்டைச் சில நிறுவனங்கள் தொடங்கியுள்ளன. ஒப்பந்தப் பணியாளருக்கு எந்தச் சலுகை பொருந்தும் என்பதில் நம்மிடையே இன்னும் தெளிவில்லை; வரும் ஆண்டின் முதல் கூட்டத்துக்கு அதையே பொருளாக வைத்துள்ளோம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா நிலுவை உள்ளவர்கள் கூட்டம் முடியுமுன் அவரைச் சந்திக்க வேண்டுகிறேன். சுற்றறிக்கைகளைத் தந்துதவிய உறுப்பினர்களுக்கும் தொழிற்சங்க நண்பர்களுக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்