பயிற்சியாளர்களே, அந்தக் குப்பியை நீட்டும் முன்

விளையாட்டு வீரர்களைப் பயிற்றுவிப்போருக்கும் அவர்களுக்கு உடல்நல ஆலோசனை சொல்வோருக்கும் வணக்கம்.

“இது வளர்ச்சி ஹார்மோன் இல்லை, உன் உடம்பு தானாகச் சுரப்பதைத் தூண்டுகிறது, அவ்வளவுதான். சோதனையிலும் தெரியாது.” ஜிஎச்ஆர்பி-2, ஜிஎச்ஆர்பி-6, இபமோரெலின் போன்ற பெப்டைடுகளை, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலிகளை, இளம் வீரர்களிடம் கொடுக்கும்போது உங்களில் சிலர் சொல்லும் சமாதானம் இது. முதல் பாதி அரை உண்மை, மறுபாதி பொய்.

தூண்டுவது மெய்தான். சிரில் பவர்ஸும் சக ஆய்வாளர்களும் ஜிஎச்ஆர்பி-6 பற்றி 1984இல் எழுதினார்கள். அது உயிரணுவில் போய் ஒட்டும் இடமான ஏற்பி 1996இல்தான் பிடிபட்டது. அந்த ஏற்பிக்கென உடலே சுரக்கும் கிரெலின் 1999இல் தெரியவந்தது. செயற்கைப் பொருள் முதலில், இயற்கைப் பொருள் பிறகு என்ற இந்தத் தலைகீழ் வரிசை எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் கிரெலின் பசியையும் கிளப்பும் ஹார்மோன். இதே வகைப் பெப்டைடான ஹெக்ஸாரெலினோ கார்டிசால், புரோலாக்டின் என்ற வேறு ஹார்மோன்களையும் சேர்த்தே உயர்த்துகிறது. “அவ்வளவுதான்” என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சோதனையில் தெரியாது என்ற நம்பிக்கைக்கு ஒரு வேர் உண்டு. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பல வடிவங்களில் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. ஆலையில் தயாராகும் ஊசிமருந்தில் 22 கிலோடால்டன் மூலக்கூறு எடையுள்ள வடிவம் மட்டுமே இருக்கிறது. இரத்தத்தில் இந்த வடிவங்களின் இயல்பான விகிதம் குலைந்திருப்பதைப் பார்த்து ஊசியைக் கண்டுபிடிக்கும் இரத்தச் சோதனை ஒன்று இருக்கிறது. பெப்டைடு போட்டால் எல்லா வடிவங்களும் சுரப்பதால் அந்தச் சோதனையில் சிக்காமல் போகலாம். விற்பவர்கள் இத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள். ஆய்வகமோ மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து இனங்காணும் நிறைமாலைமானியைக் கொண்டு சிறுநீரில் பெப்டைடையே தேடுகிறது. நொதிகள் எளிதில் சிதைக்காதபடி இவற்றில் டி-வடிவ (வழக்கமான வடிவத்தின் கண்ணாடிப் பிம்பம் போன்ற) அமினோ அமிலங்களைச் சேர்த்திருக்கிறார்கள்; ஜிஎச்ஆர்பி-2இல் உடல் ஒருபோதும் உருவாக்காத நாப்தைல் அலனின் என்ற செயற்கை அமினோ அமிலமும் உண்டு. அது சிதைந்த பின்னும் அந்த அலகைச் சுமந்த துண்டு சிறுநீரில் வெளியேறுகிறது. மருந்தை நிலைக்க வைக்கச் சேர்த்ததே அதைக் காட்டிக் கொடுக்கிறது.

மருத்துவத்தில் இவற்றுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டைக் கண்டறிய ஜப்பானில் ஜிஎச்ஆர்பி-2க்கு அனுமதி உண்டு. அதே நோக்கத்துக்காக, அதே ஏற்பியைத் தூண்டும் மாசிமோரெலின் என்ற மருந்தை அமெரிக்கா 2017இல் அனுமதித்தது. மருத்துவர் முன்னிலையில் ஒரே வேளை கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் அவை. “ஆராய்ச்சிக்கு மட்டும்” என்று ஒட்டி விற்கும் குப்பியை மாதக்கணக்கில் குத்திக்கொள்வதற்கு அவை சான்றாகா. அந்தக் குப்பிக்குள் இருப்பது என்ன, எவ்வளவு தூய்மை என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் இவை போட்டிக்காலம், பயிற்சிக்காலம் என்ற வேறுபாடின்றி எப்போதும் தடைசெய்யப்பட்டவை. சிக்கும் வீரருக்கு நான்காண்டுத் தடை வரலாம். மருந்தைச் செலுத்துபவருக்கு நான்காண்டில் தொடங்கி வாழ்நாள் தடை வரை போகும்.

ஏற்கெனவே கொடுத்திருந்தால், பெயரையும் அளவையும் தேதியையும் மறைக்காமல் அந்த வீரரிடம் இன்றே எழுதிக் கொடுங்கள். அவர் மருத்துவரிடம் காட்ட அது தேவைப்படும். கையில் மிச்சமிருக்கும் குப்பிகளை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.