ஸ்கூட்டிக்கு முன்னம் ஒரு சின்னக் கடன்

விசுவமடு

அன்பு மகளுக்கு,

ஸ்கூட்டி வாங்க லீசிங், அதாவது வாகனக் கடன், கேட்டுப் போன இடத்தில் “உங்கட கிரிப்பில ஒன்றுமே இல்லையே, இரண்டு பிணைகாரரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்று திருப்பி அனுப்பினதை நீ பெரிய அவமானமாக எடுத்துவிட்டாய். “கடன் படாமல் இருக்கிறதுதானே நல்ல பெயர் என்று சொல்லி வளர்த்தீங்கள்” என்றும் கேட்டாய். ஊருக்குள் அது நல்ல பெயர்தான். ஆனால் கடன் கொடுக்கிறவனுக்கு உன்னை நல்லவள் என்றும் தெரியாது, கெட்டவள் என்றும் தெரியாது. வெறும் தாளைப் பார்த்து அவன் இலட்சக்கணக்கில் காசை விடமாட்டான். அதனால் ஸ்கூட்டியை ஒரு வருடம் தள்ளிப்போடு. அந்த ஒரு வருடத்தில் உன்னுடைய பெயரில் ஒரு சின்னக் கடன் எடுத்து, ஒரு நாள்கூடப் பிந்தாமல் கட்டி முடி. எப்படி என்று கீழே எழுதுகிறேன்.

முதலில் கிரிப் என்றால் என்ன என்று சரியாக விளங்கிக்கொள். அதன் முழுப்பெயர் இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. வங்கிகள், நிதி நிறுவனங்கள், லீசிங் கம்பனிகள் எல்லாம் தங்களிடம் கடன் எடுத்தவர்களின் விபரத்தை அங்கே அனுப்புகின்றன, புதிதாக ஒருவர் கடன் கேட்டால் அங்கேயே எடுத்துப் பார்க்கின்றன. எங்கட ஆட்கள் “கிரிப்பில போட்டிட்டாங்கள்” என்று பயத்தோடு சொல்வார்கள். கிரிப் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை, கடன் கொடு என்றோ கொடாதே என்றோ சொல்வதும் இல்லை. நீ என்ன எடுத்தாய், எப்படிக் கட்டினாய் என்பதைக் காட்டும், அவ்வளவுதான். முடிவு எடுப்பது கொடுக்கிறவன்.

சீட்டுப் பிடித்தது, கைமாற்று வாங்கித் திருப்பிக் கொடுத்தது, மாதர் சங்கத்தில் எடுத்தது, தனியார் அடகுக்கடையில் சங்கிலி வைத்து மீட்டது, இதெல்லாம் அந்த அறிக்கைக்கு வராது. பத்து வருடம் ஒழுங்காகச் சீட்டுக் கட்டின மனுசியும் வங்கிக்குப் புது ஆள்தான். வன்னியில் இது இன்னும் கூடுதலாக உறைக்கும். வேறு ஊரில் காணி உறுதியை ஈடு வைத்துக் கடன் எடுப்பார்கள். இங்கே பாதிப் பேரிடம் இருப்பது உறுதி இல்லாத, அரசாங்க அனுமதிப்பத்திரம் மட்டும் உள்ள பெர்மிட் காணி. அதை வங்கியில் ஈடு வைப்பது இலேசான காரியம் இல்லை. ஈட்டுக்குக் காணி இல்லாதவளுக்குக் கட்டின வரலாறுதான் கைமுதல்.

இந்த மாதமே உன் சொந்த அறிக்கையை எடு. இணையத்திலும் எடுக்கலாம், வங்கிக் கிளை மூலமும் கேட்கலாம். கடன் எடுக்காதவளுக்கு அது எதற்கு என்று நினைக்காதே. வேறு யாருடைய கடனாவது தவறுதலாக உன் இலக்கத்தில் ஏறியிருந்தால் இப்போதே தெரியவேண்டும். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பார். உன்னுடையது 12 இலக்கம். முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் நீ பிறந்த நாளின் எண், பெண் பிள்ளை என்றபடியால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஒரு இலக்கம் மாறித் தட்டினால் கடன் வேறு ஒருவரின் தலையில் விழும். பெயரையும் பார். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு கந்தோரும் ஒவ்வொரு விதமாக எழுதும். அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டல்தான் வங்கிக் கணக்கிலும் சம்பளச் சீட்டிலும் இருக்கவேண்டும். பிழை இருந்தால் அந்த விபரத்தை அனுப்பின நிறுவனத்துக்கு எழுத்தில் கொடு, கிரிப்புக்கும் அறிவி. நேரில் சொல்லிவிட்டு வந்தால் யாரும் திருத்தமாட்டார்கள்.

அறிக்கையில் நான்கு விசயம் கவனி. உன் பெயரில் உள்ள கடன்கள். நீ பிணை நிற்கிற கடன்கள். கட்டவேண்டிய திகதிக்கு எத்தனை நாள் பிந்தினாய் என்ற மாதவாரிக் கணக்கு. கடைசியாக, யார் யார் உன் அறிக்கையை எடுத்துப் பார்த்தார்கள் என்பது. ஒரே கிழமையில் ஐந்து கம்பனிக்கு விண்ணப்பித்தால் அந்த ஐந்தும் அங்கே வரிசையாக நிற்கும். ஆறாவது ஆள் பார்த்தவுடன் “இந்தப் பிள்ளைக்கு என்ன அவசரம்?” என்றுதான் நினைப்பான். ஆகவே கண்ட கண்ட இடமெல்லாம் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்காதே.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். சம்பளம் கையில் வாங்காமல் வங்கிக் கணக்குக்கே வரட்டும். ஆறு மாதம் தொடர்ந்து வந்தால் அதுவே ஒரு சாட்சி. அதே வங்கியில் 50,000 ரூபா நிலையான வைப்புப் போடு. அந்த வைப்பை ஈடாக வைத்து ஒரு கடனட்டை கேள், நான் சொன்ன சின்னக் கடன் அதுதான். வருமான வரலாறு இல்லாதவர்களுக்கும் இப்படித் தருகிற வங்கிகள் உண்டு. வைப்புத் தொகையை விடச் சற்றுக் குறைவாக எல்லை போடுவார்கள், 40,000 என்று வைத்துக்கொள்வோம். அட்டையை மூடும்வரை வைப்பை எடுக்க முடியாது, வட்டி மட்டும் வரும். வருடக் கட்டணம் எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன் கேள். வைப்புத்தானே இருக்கிறது, கட்டாவிட்டால் அதில் கழிக்கட்டும் என்று மட்டும் நினைத்துவிடாதே. கழித்துக்கொள்வார்கள், ஆனால் பிந்தின பதிவு அப்படியே இருக்கும். எதற்காக இதைத் தொடங்கினாயோ அதுவே பாழாகிவிடும்.

அட்டையில் போன் பில்லும் மாதச் சாமானும் மட்டும் போடு. 40,000 எல்லையில் 10,000, 12,000க்கு மேல் போகாதே. எல்லையை முட்டமுட்டப் பாவிக்கிறவளைக் காசுக்குத் தவிக்கிறவளாகத்தான் பார்ப்பார்கள். அட்டையைப் போட்டு மெசினில் காசு எடுக்கவே கூடாது. அதற்குத் தனிக் கட்டணம், வட்டியும் அன்றைக்கே தொடங்கும்.

பில் வந்தால் இரண்டு தொகை இருக்கும், மொத்தத் தொகை ஒன்று, ஆகக்குறைந்த தொகை ஒன்று. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் தவறுகிறார்கள். மொத்தம் 12,000, ஆகக்குறைந்தது 5 வீதம் என்றால் 600 ரூபா. 600ஐக் கட்டினால் பிந்தின கணக்கில் வராது, அது உண்மை. ஆனால் மிச்சம் 11,400க்கு வருடம் 28 வீதம் என்று பிடித்தால் ஒரு மாத வட்டி மட்டும் 266 ரூபா. அடுத்த மாதம் நீ கட்டுகிற 600இல் பாதிக்குக் கிட்ட வட்டிக்கே போய்விடும், முதல் மெல்லத்தான் குறையும். மொத்தத்தையும் கட்டு. மொத்தமும் கட்டினால் வட்டியே இல்லை.

சம்பளம் 25ஆம் திகதி என்றால் கட்டும் திகதி அடுத்த மாதம் 5க்குள் வருகிற மாதிரிக் கேட்டு வாங்கு. கணக்கிலிருந்து தானாகக் கழிகிற ஸ்டாண்டிங் ஓடர் போட்டு வை. போட்டாலும் மூன்று நாளைக்கு முன்னமே காசு இருக்கிறதா என்று பார். கடைசி நாள் போயாவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ விழுந்து, நீ கட்டின காசு மறுநாள்தான் ஏறினால், அறிக்கை உன் காரணத்தைக் கேட்காது. இன்றைக்குக் கட்டினது நாளைக்கே அறிக்கையில் மாறிவிடும் என்றும் எதிர்பார்க்காதே. நிறுவனங்கள் மாதக் கணக்காகத்தான் விபரம் அனுப்பும்.

பிணை விசயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். வேலைக்குப் போகத் தொடங்கின பிள்ளை என்றால் சொந்தம், சிநேகிதி, கூட வேலை செய்கிறவர்கள் என்று ஒவ்வொருவராக வந்து “ஒரு கையெழுத்துத்தானே” என்பார்கள். அது கையெழுத்து அல்ல, கடன். எடுத்தவர் கட்டாவிட்டால் உன்னிடம்தான் வருவார்கள். அவர் கட்டினாலும், அந்தத் தொகை உன் அறிக்கையில் இருக்கும், உனக்குக் கிடைக்கிற தொகை குறையும். நீயே முழுவதையும் கட்டமுடியும், கட்டியும் பரவாயில்லை என்று நினைக்கிற ஆளுக்கு மட்டும் போடு. மறுக்க முகம் இல்லையென்றால் அம்மா விடமாட்டா என்று என்னைச் சொல். அதே நியாயத்துக்காகத்தான், உன் ஸ்கூட்டிக்கு மாமாவைக் கையெழுத்துப் போடக் கேட்கவேண்டாம் என்கிறேன்.

சில பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் பிணை நின்று எடுக்கிற குழுக்கடனுக்கும் போகாதே. 2009க்குப் பிறகு ஏ9 வீதி நெடுக நிதிக் கம்பனிகள் வந்து, வீட்டு வாசலில் கிழமைத் தவணை வாங்கி, ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் என்று எங்கட பெண்கள் பட்டது நாடறிந்தது. 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வரவேண்டிய அளவுக்குப் போனது. அவர்கள் ஏமாந்தது பெரும்பாலும் வட்டிக் கணக்கில். ஒரு இலட்சம், 20 வீதம், 12 மாதம், மாதம் 10,000 என்பார்கள். கேட்க 20 வீதம்தான். ஆனால் நீ மாதாமாதம் முதலைக் குறைத்துக்கொண்டு வருகிறாய், வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு இலட்சத்துக்கும் ஓடுகிறது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் 35 வீதம். அதனால் லீசிங் கேட்கும்போதும் “வட்டி எத்தனை வீதம்?” என்று மட்டும் கேட்காதே. “குறையும் மீதிக்கா, நிலையாகவா? எல்லாக் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன்?” என்று கேட்டு எழுத்தில் வாங்கு. போனில் அடையாள அட்டைப் படம் அனுப்பினால் பத்து நிமிடத்தில் காசு என்கிற கடன்களைத் தொடவே வேண்டாம். போனில் இருக்கிற இலக்கமெல்லாம் அவர்கள் கைக்குப் போய், ஒரு நாள் பிந்தினால் உன் மேலதிகாரிக்கே அழைப்புப் போகும். எந்தக் கம்பனியாக இருந்தாலும் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று பார். சந்தேகம் வந்தால் 1935க்கு அடித்துக் கேட்கலாம், மத்திய வங்கியின் இலக்கம்தான்.

ஆள் கையில் காசு கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்காமல் அனுப்பாதே. அதில் திகதி, கடன் இலக்கம், தொகை மூன்றும் இருக்கவேண்டும். மை மங்கிப்போகும் சீட்டு என்றால் அன்றைக்கே படம் எடுத்து வை. கடன் முடிந்தால் முடிந்தது என்ற கடிதம் கேட்டு வாங்கு. வாகனம் என்றால் கம்பனியின் பெயரைப் பதிவிலிருந்து எடுப்பிக்கும்வரை அது முழுதாக உன்னுடையது அல்ல.

வைப்புக்கு உன்னிடம் 30,000 இருக்கிறது என்றாய். மிச்சம் இருபதை மாசியில் வெட்டு முடிந்து நெல் விற்றவுடன் உன் கணக்குக்குப் போடுகிறேன். அதற்கிடையில் கிரிப் அறிக்கையை எடுத்து, பெயரும் அட்டை இலக்கமும் இருக்கிற பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பு. இரண்டு பேருமாக எழுத்துக்கு எழுத்துச் சரிபார்ப்போம்.

அன்புடன்
அம்மா