சலீமுக்கு, தாமதமாக

டேய் சலீம்,

எட்டு மாதம் ஆகிவிட்டது. கடைசியாகப் போன் செய்தது நீ, அதனால் தப்பு என் பக்கம்தான். ஆனாலும் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் ஐம்பது கிலோமீட்டர்தான் இருக்கிறது. 2019இல் மாவட்டத்தைப் பிரித்து உன்னைத் திருப்பத்தூர்க்காரன் ஆக்கிவிட்டார்கள் என்பதற்காக விசா வாங்கிக்கொண்டா வரப்போகிறாய்? இங்கே அம்மா நலம். வனிதா நலம், நீ எடுத்துப்போன டிபன் கேரியரை மட்டும் மறக்கவில்லை. பாப்பா எட்டாம் வகுப்பு. உன் ஷூ கம்பெனியில் ஆர்டர் எப்படி என்று கேட்க மாட்டேன், ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாளாக வாரியர் விதின் ஆடிக்கொண்டிருக்கிறேன், அதுதான் நம் பழைய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ கம்ப்யூட்டர் கேமின் இரண்டாம் பாகம்.

சிரிக்காதே. கொசப்பேட்டை வீட்டைக் காலி செய்து சத்துவாச்சாரிக்கு வந்தபோது அட்டைப்பெட்டியில் அந்த சிடி கிடைத்தது. பாஸ்கர் அண்ணன் கையெழுத்தில் ‘பிரின்ஸ் 2, திருப்பித் தரவும்’ என்று எழுதியிருக்கிறது. இப்போதைய லேப்டாப்பில் சிடி போட இடமே கிடையாது. இணையத்தில் கேம் விற்கிற ஸ்டீமில் தள்ளுபடி விலைக்குப் பழைய பாகங்கள் இருந்தன. முதல் பாகமான சாண்ட்ஸ் ஆஃப் டைம், வாரியர் விதின் இரண்டையும் வாங்கிவிட்டேன். 2005இல் பிரௌசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் என்று நாம் நாலாம் நம்பர் மெஷினில் கொட்டியதை நினைத்தால் இது சும்மா.

முதலில் சாண்ட்ஸ். எந்தப் பாகம் உசத்தி என்று நாம் போட்ட சண்டையில் இதுதான் என்று நான் அன்றைக்குச் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். அந்த அரண்மனையின் மஞ்சள் வெளிச்சம், கூடவே வருகிற இளவரசி ஃபாராவோடு நடக்கிற சண்டையும் வாயாட்டமும், அவள் விடுகிற அம்பு அவ்வப்போது நம் முதுகிலேயே தைப்பது, எல்லாம் அப்படியே இருக்கிறது. நாம் தவறி விழுந்து செத்தால், இளவரசன் குறுக்கே புகுந்து ‘இல்லை, அப்படி நடக்கவில்லை’ என்று திருத்துவானே, ஞாபகம் இருக்கிறதா? மொத்தக் கதையையும் அவன் யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறான். அதனால் நம் சாவுகூட அவன் வாய் தவறிச் சொன்னதாகிவிடுகிறது. 2003இல் இதை யோசித்தவன் ஆயுசுக்கும் நன்றாக இருக்கட்டும். கத்தியால் சண்டை போடுவதுதான் சலிப்பு. எதிரி தலைக்கு மேலே தாவு, வெட்டு, கத்தியைச் செருகு, அடுத்தவன். இதை அன்றைக்கு நீ சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இது ஒன்றுதான்.

பிறகு வாரியர் விதின். முதல் நாள் எனக்கு அதே பழைய எரிச்சல். ஒரே வருஷத்தில் அந்த நையாண்டிப் பையனை யார் இப்படி முறைப்பவனாக்கினது? குரலே வேறு ஆள். முதல் பாகத்தில் பேசிய யூரி லோவென்தால் மூன்றாவதில்தான் திரும்பி வருகிறார். படம் முழுக்கச் சாம்பல் நிறம், ரத்தம், காட்ஸ்மாக் என்கிற ராக் குழுவின் கிட்டார். அந்த வில்லி ஷாதீ அரைகுறை உடையில் வந்து நிற்கிற கோலத்துக்கு, பாப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் ஸ்கிரீனுக்கு முன்னால் எழுந்து நின்று தண்ணீர் குடித்தேன். மூன்று தடவை. ‘அப்பா, நீங்க ஒட்டகமா?’ என்றாள். முதல் பாகத்தின் கதையை எழுதிய ஜோர்டன் மெக்னர் இரண்டாவதில் கையே வைக்கவில்லை, அதன் போக்கு தனக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர். இது தெரிந்திருந்தால் அன்றைக்கு உன் வாயை அடைத்திருப்பேன்.

ஆனால் இரண்டாம் நாள் தஹாக்கா துரத்தினான், காலத்துக்குக் காவல் நிற்கிற அந்தப் பூதம்.

உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திடீரென்று நிறமெல்லாம் வடிந்து போகிறது, கிட்டார் அலறுகிறது, பின்னால் சுவர் நொறுங்குகிறது, எந்தப் பக்கம் கேமரா என்றே தெரியாமல் ஓடுகிறோம், தண்ணீர்த் திரையைத் தாண்டினால்தான் உயிர். கீபோர்டில் விரல் வியர்த்து வழுக்கியது. ஒரே இடத்தில் பதினோரு தடவை செத்தேன். பாப்பா எண்ணினாள். வனிதா அடுப்படியிலிருந்து வந்து, ‘டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து இதுதானா?’ என்று கேட்டாள்.

இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், பேச்சு எங்கேயோ போய்விட்டது. கோபப்படாதே. அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் காட்பாடி ஸ்டேஷன் மேம்பாலப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வாயு என்று சோடா வாங்கிக் குடித்தேன், அவ்வளவு அறிவு. அன்றைக்கு ராத்திரியே ஸ்டென்ட் வைத்தார்கள், ஒன்று. இப்போது நன்றாக இருக்கிறேன், நிஜமாக. உன்னிடம் சொல்ல மூன்று தடவை போனை எடுத்தேன். நாற்பது வயதில் இப்படி ஆனது ஏதோ பரீட்சையில் தவறிவிட்ட மாதிரி வெட்கமாக இருந்தது. அப்புறம் நாள் ஓடிவிட்டது. மாடிப்படி ஏறக் கூடாது என்று வீட்டில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து சுவரில் ஓடுகிறவனை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒருவேளை அதனால்தான் இரண்டாம் பாகம் இப்போது வேறு மாதிரி தெரிகிறதோ என்னவோ. சாண்ட்ஸில் கத்தியின் பொத்தானை அழுத்தினால் நேரம் பின்னால் போகும். யாரும் கணக்குக் கேட்பதில்லை. வாரியரில் ஏழு வருஷம் கழித்துக் கணக்கு வருகிறது: காலத்தையே ஆட்டுகிற அந்த மாய மணலைத் திறந்தவன் செத்திருக்க வேண்டும், நீ எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறாய் என்று. மணலே உருவாகாமல் தடுக்கலாம் என்று தீவுக்குப் போய்ப் பேரரசியைக் கொல்கிறான். அவள் உடம்பிலிருந்துதான் மணலே வருகிறது. இந்த இடத்தில் பாப்பா, ‘அப்போ எல்லாத்துக்கும் இவர்தான் காரணமா?’ என்று கேட்டுவிட்டுச் சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. அதற்கப்புறம் அந்த முகமூடி. போட்டால் உயிர் குறைந்துகொண்டே வரும், மணல் நிறைந்துகொண்டே வரும். முதல் பாதியில் யாரோ என்று பார்த்த கறுப்பு உருவம் நாம்தான் என்று தெரிகிறபோது, 2005இல் நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தது ஞாபகம் வந்தது. நான் அப்போது பக்கத்து மெஷினில் உன்னோடு பேசாமல் மெயில் பார்ப்பதாக நடித்துக்கொண்டிருந்தேன். நான் ஆடிச் சேமித்திருந்த சேவ் ஃபைல் மேலேயே நீ உன் ஃபைலைப் போட்ட வாரம் அது.

இன்னொன்று. ஒரே கோட்டையை இரண்டு காலத்தில் காட்டுகிறான். இன்றைக்கு இடிந்து கிடக்கிற தோட்டம், காலம் மாற்றுகிற ஒரு வாசல் வழியாகப் போனால் செழித்து நிற்கிறது. அங்கே திறந்த கதவு இங்கே இடிந்திருக்கும், வேறு வழி தேட வேண்டும். சாண்ட்ஸில் இவ்வளவு மூளை கிடையாது. சொல்லிவிட்டேன், போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை நடைப்பயிற்சி என்று பாப்பாவோடு நம் வேலூர்க் கோட்டைக்குப் போனேன். அகழி ஓரம் நின்று, எந்த இடத்தில் சுவரில் ஓடலாம் என்று நாம் கணக்குப் போட்டதைச் சொன்னேன். மொட்டையின் முழங்கால் கதையையும் சொன்னேன். அவள் மதிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘இங்கே அந்த வாசல் இருந்தா எந்த வருஷத்துக்குப் போகும்?’ என்றாள். 1806 ஜூலை 10, சிப்பாய்க் கலகம் என்றேன். ‘நீங்க வாசல்லயே சுடப்பட்டுடுவீங்கப்பா, ஓட முடியாதே’ என்றாள். யாருடைய வாய் என்று தெரியவில்லை. உன்னோடு பழகவும் இல்லை.

சரி, எழுதியதற்குக் காரணம் இது. உயிரைக் கூட்டும் இடங்கள் ஒன்பதும் கிடைத்தால்தான் தண்ணீர் வாள் வரும், வாள் இருந்தால்தான் கடைசியில் தஹாக்காவோடு நின்று சண்டை போடலாம். இல்லையென்றால் அந்த இன்னொரு முடிவுதான். என்னிடம் எட்டு இருக்கிறது. இணையத்தில் தேடினால் ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிடும், பாப்பா தேடவும் ஆரம்பித்தாள். நான் மூடிவிட்டேன். அன்றைக்கு ஒன்பதையும் எடுத்துவிட்டு எங்கே என்று சொல்ல மாட்டேன் என்றாயே, அந்தக் கடன் அப்படியே நிற்கிறது. கடைசிச் சண்டைக்கு முன்னால் சேவ் செய்து வைத்திருக்கிறேன், திரும்பிப் போய்த் தேட வழி இருந்தால் உனக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வா. பிரியாணி அம்மாவுக்கும் பாப்பாவுக்கும் மட்டும் போதும், எனக்கு வாசனை. கேரியரில் கொண்டு வா, வனிதாவின் கேரியரில்.

முரளி