யாடோம் பற்றி என் மகளுக்கு

சீலோம், பாங்காக்
ஜனவரி 2026

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது போகிற போக்கில் இரண்டு செய்திகளைச் சொன்னாய். அந்த வெளிநாட்டு அலுவலகத்தில் யாடோம் என்னும் தாய்லாந்து முகர்மருந்துக் குழலை மூக்கில் வைத்து முகர்ந்தபோது பக்கத்து மேசைக்காரர் தகாத ஒன்றைக் கண்டவர் போலப் பார்த்தார் என்றும், அன்றிலிருந்து கழிப்பறைக்குள் போய்த்தான் முகர்கிறாய் என்றும் சொன்னாய். குழந்தைக்குச் சளி பிடித்து மூக்கடைத்த இரவில் அதே குழலை அவள் மூக்கருகே ஒரு முறை காட்டலாமா என்று நினைத்ததாகவும் சொன்னாய். முதலாவது என்னை வருத்தியது. இரண்டாவதைக் கேட்டு நான் நடுங்கிப்போனேன். ஆகவே பின்னதற்கே முதலில் பதில் எழுதுகிறேன்.

குழந்தைக்கு அது வேண்டாம், ஒரு முறைகூட வேண்டாம். குழலில் இருக்கும் புதினா உப்பும் கற்பூரமும் கைக்குழந்தையின் மூக்கில் ஏறினால் குரல்வளை சட்டென்று இறுகி மூச்சுத் தடைப்படக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இவற்றை முகரக் கொடுப்பதோ மூக்கடியிலும் மார்பிலும் தடவுவதோ கூடாது என்று மருத்துவர்கள் திட்டவட்டமாகச் சொல்கிறார்கள். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சிறிதளவே வலிப்பை வரவழைத்துவிடும். நான்கு மாதக் குழந்தைதானே, எங்கே எடுக்கப்போகிறாள் என்று இருந்துவிடாதே. இன்னும் சில மாதங்களில் தவழ்ந்து வந்து உன் கைப்பையைக் கவிழ்ப்பாள், கையில் அகப்பட்டதை வாயில் வைப்பாள். இன்றைக்கே அதை எட்டாத உயரத்தில் வைத்துப் பழகு. அவளுக்கு மூக்கடைத்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். அதற்கும் தணியாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் போ. நீ குழந்தையாக இருந்தபோது நானும் உன்னருகே அதைக் கொண்டுவரவில்லை. எதிர்வீட்டுத் தாய்லாந்துப் பாட்டிதான், "பெரியவர்களுக்கு மட்டும்" என்று கண்டித்துச் சொல்லியிருந்தார்.

இனி உன் அலுவலகத்துப் பேச்சுக்கு வருகிறேன். உன் கையில் இருக்கும் பொருள் இன்னதென்று உனக்குச் சரியாகத் தெரிந்தால், யாருக்கும் அஞ்சி ஒளிக்க வேண்டியிராது. நீ இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். பிறந்ததிலிருந்து பார்த்த பொருளைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை, யாரும் சொல்வதுமில்லை. நான் வெளியிலிருந்து வந்தவள் என்பதால் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

1991-ஆம் ஆண்டு ஏப்ரலில், நீ வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது, பாக்லோங் தலாத் பூச்சந்தையில் மல்லிகை வாங்கிக்கொண்டு ஆற்றுப்படகில் சாத்தோன் துறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வெயிலும் டீசல் புகையும் படகின் ஆட்டமும் சேர்ந்து கண் இருட்டிக்கொண்டு வந்தது. அருகில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் ஒரு வார்த்தையும் கேட்காமல் என் தோளைத் தன் மீது சாய்த்துக்கொண்டு, இடுப்புத் துணியிலிருந்து ஒரு சிறு குழலை எடுத்து மூடியைத் திருகி என் மூக்கருகே பிடித்தார். நான் மிரண்டு முகத்தைத் திருப்பினேன். அவர் சிரித்துவிட்டு, முதலில் தானே ஒரு முறை முகர்ந்து காட்டி, பிறகு மறுபடியும் நீட்டினார். மண்டைக்குள் சில்லென்று ஒரு சன்னல் திறந்தது போல் இருந்தது. துறையில் இறங்கும்போது அந்தக் குழலை என் கையிலேயே திணித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்போது தாய்லாந்து மொழியில் நன்றி சொல்லக்கூடத் தெரியாது.

'யா' என்றால் மருந்து, 'டோம்' என்றால் முகர்தல். இந்நாட்டு மருத்துவ மரபு உடம்பை நிலம், நீர், காற்று, நெருப்பு என்ற நான்கால் ஆனதாகக் கொள்கிறது. மயங்கி விழுவதற்கு இவர்களுடைய சொல்லே 'பென் லோம்', அதாவது 'காற்றாகிப் போதல்'. நம் பாட்டிமார் வாயு என்று சொன்னதற்கு இது வெகு தூரத்துச் சங்கதி அன்று. தலைசுற்றல், குமட்டல், படபடப்பு எல்லாவற்றையும் காற்றுக் கோளாறாகக் கருதி, மணமுள்ள பொருள்களால் அதைத் தணிப்பது இவர்கள் வழக்கம். நீரில் கரைத்துக் குடிக்கும் 'யாஹோம்' பொடியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதில் மல்லிகை, மகிழம்பூ, நாகப்பூ, தாமரை எல்லாம் சேரும். மூன்றாம் இராமா மன்னர் காலத்தில் வாட் போ கோயிலில் மருத்துவக் குறிப்புகளைக் கல்லில் பொறித்து எல்லோரும் படிக்க வைத்தார்கள். அக்கோயிலின் கல்வெட்டுகள் 2011-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. மணத்தை மருந்தாகக் கொள்ளும் பழக்கம் கடைக்காரன் விளம்பரத்தால் நேற்று வந்ததன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

குழலுக்குள் இருக்கும் எண்ணெய்க்கு 'பிம்சேன் நாம்' என்று பெயர். அது உருவாவதை நீ ஒரு முறையாவது கண்ணால் பார்க்க வேண்டும். புதினா உப்பு, கற்பூரம், பிம்சேன் ஆகிய மூன்றும் வெள்ளைக் கட்டிகள்தான். ஆனால் மூன்றையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடிக் குலுக்கினால், அடுப்பும் இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல் தாமே உருகித் தெளிந்த எண்ணெயாகிவிடும். கலவையின் உருகுநிலை ஒவ்வொன்றின் தனி உருகுநிலையைவிடக் கீழே இறங்கிவிடுவதுதான் காரணம். நான் புதினா உப்பு இரண்டு பங்கும் மற்றவை ஒவ்வொரு பங்கும் போட்டு, யூகலிப்டஸ் தைலம் சில சொட்டுகள் சேர்ப்பேன். ஊரில் உன் அம்மாச்சி ஓம உப்பையும் புதினா உப்பையும் பச்சைக் கற்பூரத்தையும் சேர்த்துக் குலுக்கி வைத்திருந்த சின்னப் புட்டி நினைவுக்கு வரும், வித்தை ஒன்றேதான். இங்கே கற்பூரத்துக்குச் சொல்லும் 'காரபூன்' என்ற சொல்லும் வடமொழிக் கர்ப்பூரத்திலிருந்து வந்ததே. பிம்சேன் என்பது போர்னியோல், கற்பூரத்தைப் போன்ற ஒரு மணப்பொருள். சுமத்ரா, போர்னியோக் காட்டு மரங்களிலிருந்து எடுத்ததையே நம் முன்னோர் பச்சைக் கற்பூரம் என்று பெரும் விலை கொடுத்து வாங்கினார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பெயர்போன பாரூஸ் துறையருகே, 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ் வணிகர் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. உன் கைப்பையில் உள்ள மணத்தைத் தேடி நம்மவர்கள் கப்பலேறிய காலம் அது.

உன் மேசைக்காரர் கேட்டால் சொல்லக்கூடிய அறிவியலும் இருக்கிறது. நம் மூக்கிலும் தோலிலும் குளிர்ச்சியை உணரும் ஏற்பிகள் உள்ளன. மெந்தால் எனப்படும் புதினா உப்பு அந்த ஏற்பியைத் தூண்டுவதால், உண்மையில் குளிராமலே குளிர்ந்தது போல் மூளைக்குச் செய்தி போகிறது. 2021-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியே அந்த ஏற்பியைக் கண்டறிந்தது இதே மெந்தாலைக் கொண்டுதான். அதே நேரத்தில் இன்னொன்றையும் நீ நேர்மையாக அறிந்துகொள்ள வேண்டும்: குழல் அடைத்த மூக்கைத் திறப்பதில்லை. வீக்கம் இருந்தபடியே இருக்கும். காற்று தாராளமாகப் போவது போன்ற உணர்வு மட்டுமே வரும். சளியையோ காய்ச்சலையோ அது குணமாக்காது. ஆனால் நெரிசலிலும் பயணத்திலும் குமட்டல் வரும் நேரத்திலும் அந்த உணர்வே மனிதனுக்குப் பெரிய ஆறுதல். அதற்கு மேல் அதனிடம் நான் எதிர்பார்த்ததில்லை.

இந்த ஊர் மனிதர்கள் அதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று நினைத்துப் பார். மோட்டார்சைக்கிள் டாக்ஸி ஓட்டுபவர் சிவப்பு விளக்கில் நிற்கும்போது முகர்கிறார். வங்கிக் காசாளர் ஒரு வாடிக்கையாளருக்கும் அடுத்தவருக்கும் இடையே முகர்கிறார். சந்தையில் மீன் வெட்டும் பெண், இரண்டு கையும் வேலையாக இருப்பதால், குழலை மூக்குத் துளையிலேயே செருகித் தொங்கவிட்டுக்கொண்டு கத்தியை ஓட்டுகிறார். அதைப் பார்த்து யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பிக்குகளுக்குக் கொடுக்கும் தானக் கூடையில் சோப்புக்கும் தேயிலைக்கும் நடுவே யாடோம் இருக்கிறது. செவன்-இலெவன் கடையில் காசு கொடுக்கும் மேசையருகிலேயே 20, 25 பாத்துக்குத் தொங்குகிறது. நம் சீலோம் மாரியம்மன் கோயிலில் நவராத்திரி முடிந்து விஜயதசமி ஊர்வலம் புறப்படும் இரவை நீ மறந்திருக்க மாட்டாய். உள்ளே தட்டில் கற்பூரம் எரியும். வெளியே தெரு நிறைய நெருக்கி நிற்கும் தாய்லாந்துப் பெண்கள் கையிலும் கற்பூரம்தான், குழலுக்குள். யாராவது தள்ளாடினால் நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு கைகள் குழலை நீட்டும். உன்னை அப்படி ஒருவர் தாங்கிப் பிடித்தபோது உனக்கு வயது ஒன்பது.

ஆகவே, மகளே, கழிப்பறைக்குள் போய் முகராதே. இந்த ஊர் தன் நடுவில் வாழ வந்தவர்களுக்கு மனமுவந்து கொடுத்த பொருளை நீ குற்றப் பொருளைப் போல ஒளிப்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. அந்த மனிதர் அறியாமல்தான் பார்த்திருப்பார். பையில் புதிதாக ஒன்று வைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து அவரிடமே நீட்டு. நீ பயன்படுத்துவதை மட்டும் பிறருக்குக் கொடுக்காதே; படகில் எனக்குக் கிடைத்தது அன்பென்றாலும், ஒருவர் மூக்கில் வைத்ததை இன்னொருவர் வைத்தால் சளி தொற்றும். நாள் முழுக்க முகர்ந்துகொண்டும் இராதே. மூக்கின் உட்புறம் எரிந்து வறண்டுவிடும். கண்ணருகே கொண்டுபோகாதே.

இந்தக் கடிதத்தோடு வரும் பொட்டலத்தில் நீ கேட்ட ஒரு டஜன் போய்சியன் என்ற யாடோம் குழல்கள் இருக்கின்றன. மேற்பக்கம் முகர்வதற்கு, அடிப்பக்கத்தைத் திருகினால் நெற்றிப்பொட்டில் தடவ எண்ணெய். கிராம்பு, ஏலக்காய், மிளகு போன்ற உலர்சரக்குகளை அடைத்த சிறு டப்பாக்களும் வேண்டும் என்றாய். அவற்றில் இரண்டுதான் வைத்திருக்கிறேன். 2025 அக்டோபரில் அப்படிப்பட்ட மூலிகை டப்பா ஒன்றின் ஒரு தொகுதியில் கிருமிகள் அளவுக்கு மீறி இருந்ததாக இந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. உலர்ந்த இலையும் காயும் சரியாகக் காயவைத்துச் சுத்தம் செய்யப்படாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய்க் குழலுக்கு அந்தப் பயம் குறைவு. ஆகவே நான் பதிவு எண்ணும் காலாவதித் தேதியும் தெளிவாக அச்சிட்ட டப்பாக்களையே பார்த்து வாங்கினேன். திறந்தபின் மணம் புளித்தது போல் இருந்தால் யோசிக்காமல் எறிந்துவிடு.

ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் நான் குலுக்கிய எண்ணெயும் வைத்திருக்கிறேன். அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றாதே. சில பிளாஸ்டிக்குகளை அந்த எண்ணெய் இளக்கிவிடும். குளிரில் அடியில் ஊசி ஊசியாகக் கட்டி தட்டினால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதே. உள்ளங்கையில் சிறிது நேரம் பிடித்திரு, கரைந்துவிடும். அதைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே பேத்தியைத் தூக்கு. மாப்பிள்ளையிடமும் இதைச் சொல்லிவிடு. புட்டியின் மேல் தமிழிலும் ஜெர்மன் மொழியிலும் 'குழந்தைக்கு ஆகாது' என்று அப்பா எழுதி ஒட்டியிருக்கிறார். ஜெர்மன் எழுத்துப் பிழையாக இருந்தால் திருத்தி ஒட்டிக்கொள்.

அவளுக்கு மூக்கடைப்பு இப்போது எப்படி இருக்கிறது, இரவில் பால் குடிக்கிறாளா என்று பொட்டலம் வரும்வரை காத்திராமல் உடனே எழுது.

அன்புடன்,
அம்மா