துறைமுகச் சாப்ளின்களுக்கு வாயிலில் ஏன் இத்தனை தடை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் எத்தனை டன் நிலக்கரி இறங்கியது, எத்தனை கன்டெய்னர்கள் ஏறின என்ற செய்திகள் நாளிதழ்களில் தவறாமல் வருகின்றன. அவற்றைச் சுமந்துவரும் கப்பல்களில் வேலை செய்பவர்களைப் பற்றி, கப்பல் தீப்பிடித்தாலோ கடற்கொள்ளையர் கையில் சிக்கினாலோ தவிர, ஒரு வரியும் வருவதில்லை. சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த மனிதர்களைத் தேடி உலகத் துறைமுகங்களில் கப்பல் ஏறி வரும் சாப்ளின்கள், அதாவது ஆறுதலாகத் துணைநிற்கும் சமயப் பணியாளர்களைப் பற்றியும், அவர்களுடைய பணிக்கு நாம் வைத்திருக்கும் தடைகளைப் பற்றியும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மருத்துவமனையிலும் சிறையிலும் சாப்ளின்கள் உண்டு என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். நம் ராணுவத்திலேயே பண்டிட், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் ஆகியோர் சமய ஆசிரியர்கள் என்ற பெயரில் அரசுச் சம்பளம் பெற்றுப் பணிபுரிகிறார்கள். துறைமுகச் சாப்ளினை மட்டும் துறைமுகத்துக்கு வெளியே யாரும் அறிவதில்லை. இன்று அவரோடு பேசியவர் நாளை மறுநாள் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இருப்பார் என்பதால், அவருக்கென்று நிலையான சபையும் கிடையாது.

கப்பல் வேலை என்றால் ஊர் சுற்றும் வேலை என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். (எனக்குப் பெண் கொடுத்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.) பெரிய சரக்குக் கப்பலில்கூட இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் இருப்பதில்லை. பிலிப்பைன்ஸ், இந்தியா, உக்ரைன், இந்தோனேசியா எனப் பல நாட்டவர் கலந்த அந்தச் சிறு கூட்டம் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் வரை ஒரே மெஸ் அறையில் சாப்பிட்டு, ஒரே முகங்களைப் பார்த்து வாழ்கிறது. கன்டெய்னர் கப்பல் பெர்த்தில், அதாவது சரக்கு ஏற்றி இறக்கும் துறையில், நிற்பது சில மணி நேரமோ ஒரு நாளோதான். அந்த நேரத்திலும் சரக்கு வேலை, எண்ணெய் நிரப்புதல், ஆய்வுகள் என்று ஓய்வே இருக்காது.

இப்படிப்பட்ட கப்பலின் கேங்வே எனும் ஏறுபாலத்தில் ஏறி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, மெஸ் அறைக்கு வந்து உட்காருபவர்தான் சாப்ளின். அவருடைய பையில் வேதப் புத்தகத்தைவிட சிம் கார்டுகள்தான் அதிகம் இருக்கும். குளிர் நாடுகளில் கம்பளித் தொப்பிகளும் கொண்டுவருவார். முதலில் சூழ்ந்துகொள்பவர்கள் ரீசார்ஜ் செய்துகொண்டு போய்விடுவார்கள். எல்லோரும் போன பிறகு, கையில் டீக் குவளையுடன் தயங்கி நிற்பவர் ஒருவர் இருப்பார். அவருக்காகத்தான் சாப்ளின் அங்கே வந்திருக்கிறார் என்பது என் கருத்து. நடுக்கடலில் இருந்தபோது ஊரில் தகப்பனார் இறந்திருப்பார். காரியத்துக்கும் போக முடிந்திருக்காது. வீட்டுக்கு அனுப்பச் சொன்ன சம்பளம் இரண்டு மாதமாகப் போய்ச் சேர்ந்திருக்காது. அல்லது, மேலதிகாரி ஒருவரின் வசவைத் தாங்க முடியாமல் தூக்கம் கெட்டிருக்கும். இதையெல்லாம் கேப்டனிடம் சொன்னால் அது அறிக்கையில் ஏறிவிடுமோ, அடுத்த ஒப்பந்தம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். பக்கத்துக் கேபின்காரரிடம் சொன்னால், இன்னும் ஐந்து மாதம் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற கூச்சம். கம்பெனி வைத்திருக்கும் உதவி எண்ணும் கம்பெனியுடையதுதானே. கப்பலின் பதவி வரிசையில் எந்தப் படியிலும் இல்லாத, யாருக்கும் அறிக்கை எழுதக் கடமைப்படாத, நாளை கப்பலோடு வரப்போகாத ஒருவரிடம் மட்டுமே சொல்லக்கூடிய விஷயங்கள் இவை.

கேட்பதோடு அவர் பணி முடிந்துவிடுவதும் இல்லை. மனம்விட்டுச் சொன்னவரின் சம்மதத்தோடு அடுத்த துறைமுகத்துச் சாப்ளினுக்குத் தகவல் சொல்வார். சம்பளப் பிரச்சினை என்றால் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் ஆய்வாளரை எட்டச் செய்வார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தாலே அது மாலுமிகளைக் கைவிட்டதாகக் கருதப்படும் என்றும், நான்கு மாதம் வரையிலான பாக்கிச் சம்பளத்துக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் முதலாளி முன்கூட்டியே நிதி உத்தரவாதம் வைத்திருக்க வேண்டும் என்றும் 2017 முதல் சர்வதேச விதி உள்ளது. அந்த விதி தனக்காக இருக்கிறது என்பதையே சாப்ளின் சொல்லித் தெரிந்துகொண்ட மாலுமிகளை நான் அறிவேன்.

இது புதிய பணி அல்ல. 1835-இல் ஜான் ஆஷ்லி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் பிரிஸ்டல் கால்வாயில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களைப் படகில் தேடிச் சென்றதிலிருந்து வளர்ந்ததுதான், 1856-இல் அமைப்பாக உருவான ‘மிஷன் டு ஸீஃபேரர்ஸ்’. கத்தோலிக்கர்களின் ‘ஸ்டெல்லா மாரிஸ்’ 1920-இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. நம் கடற்கரைக்கும் இவை அந்நியமானவை அல்ல.

ஆனால், அமெரிக்காவில் 2001-இல் நடந்த தாக்குதல்களுக்குப் பின் வகுக்கப்பட்டு 2004 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ஐ.எஸ்.பி.எஸ். எனப்படும் கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதித்தொகுப்பைக் காரணம் காட்டி, உலகெங்கும் பல துறைமுகங்கள் மாலுமிகள் வெளியே போவதையும் நலப் பணியாளர்கள் உள்ளே வருவதையும் ஒருசேரக் குறைத்துவிட்டன. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு துறைமுகத்தின் பாதுகாப்புத் திட்டத்திலும் மாலுமிகள் கரைக்குப் போய்வரும் ஷோர் லீவுக்கும், நல அமைப்புகளின் பிரதிநிதிகள் கப்பலுக்கு வருவதற்கும் வழிமுறைகள் இருக்க வேண்டும் என்று அதே விதித்தொகுப்புதான் கட்டாயப்படுத்துகிறது. நுழைவுச் சீட்டுக்காகச் சாப்ளின் வாயிலில் காத்திருக்கையில் கப்பல் கிளம்பிப் போய்விட்டதை நானே ஒரு துறைமுகத்தில், டெக்கில் நின்று பார்த்திருக்கிறேன். கொரோனா காலத்தில், 2020-இல், ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் சுமார் 4 லட்சம் மாலுமிகள் கப்பல்களிலேயே சிக்கிக் கிடந்தனர் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு மதிப்பிட்டது. அப்போது மேலே ஏற அனுமதி கிடைக்காத சாப்ளின்கள், வாங்கிவந்த பொருள்களைக் கேங்வேயின் அடியில் வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

மதம் பரப்ப வருகிறார்கள் என்ற ஐயம் சிலருக்கு இருக்கலாம். துண்டுப் பிரசுரம் நீட்டியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கும் அது பிடித்ததில்லை. ஆனால் 1969-இல் உருவான சர்வதேசக் கிறிஸ்தவக் கடல்சார் சங்கத்தின் நடத்தை நெறி, பிற சமயத்தவரின் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்றும் மதமாற்ற முயற்சி கூடாது என்றும் தெளிவாகவே சொல்கிறது. அதை மீறுபவரின் சீட்டை ரத்து செய்யலாம். அதோடு, இந்து, இஸ்லாமிய அமைப்புகளிலிருந்தும், சமயச் சார்பற்ற தொண்டு நிறுவனங்களிலிருந்தும் பயிற்சி பெற்றவர்கள் இந்தப் பணிக்கு வர முன்வந்தால் அவர்களுக்கும் அதே சீட்டை வழங்குவதுதான் முறை.

இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, துறைமுக நல வசதிகள் நாடு, இனம், மதம் பாராமல் எல்லா மாலுமிகளுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. எனவே சாப்ளின்களுக்கும் நலப் பணியாளர்களுக்கும் ஒவ்வொரு முறையும் விண்ணப்பிக்கத் தேவையில்லாத ஓராண்டு நுழைவுச் சீட்டை, உரிய காவல்துறைச் சரிபார்ப்புக்குப் பின், தமிழகத் துறைமுகங்கள் வழங்க வேண்டும். தனியார் முனையங்களுக்கும் இதே விதி பொருந்த வேண்டும். செலவுக்கும் வழி அந்த உடன்படிக்கையின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது: அரசு மானியம், கப்பல்களிடம் வசூலிக்கும் சிறு தீர்வை, நன்கொடை ஆகிய மூன்றையும் அது குறிப்பிடுகிறது. துறைமுகக் கட்டணத்தோடு கப்பலுக்கு ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாங்கினாலே, பெர்த்துக்கும் ஊருக்கும் இடையே மாலுமிகளை ஏற்றிச்செல்ல ஒரு வேனும், அதற்கு ஓர் ஓட்டுநரும் வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர்,
தூத்துக்குடி.