தலைக்கட்டுக் கணக்கில் வராதவர்கள்

பாம்பன் முதல் ஏர்வாடி வரை உள்ள கடற்கரை ஊர்களின் தலைவர்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊர்க்கூட்டத்தில், கடல் அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவை எந்த இடத்தில் கேட்பது என்று பேச்சு நடந்தது. என் அம்மா மற்றப் பெண்களோடு சுவரோரம் நின்றிருந்தார். "அந்த எடத்துலதான் நாங்க தண்ணிக்கு எறங்குறோம். கல்லைக் கொட்டுனா ஒரு பக்கம் மண்ணு ஏறும், மறுபக்கம் அரிச்சுக்கிட்டுப் போகும்" என்றார். "தலைக்கட்டு ஆளுங்க பேசட்டும்மா" என்று ஒரு பெரியவர் சொன்னார். தலைக்கட்டு என்றால் ஊர் வரி கட்டும் ஒரு குடும்பம், அதன் சார்பில் பேசுவது ஆண்தான். அதோடு முடிந்தது. கலெக்டருக்குப் போன மனுவில் "ஊர் மக்கள் அனைவரும் ஏகமனதாக" என்று இருக்கிறது. அதை எழுதியது நான்தான். பட்டம் வாங்கியவள் என்பதால் எனக்கு நாற்காலி போட்டு, வாசகம் சரியா என்று இரண்டு முறை கேட்டீர்கள். எனக்கு நீச்சல்கூட ஒழுங்காகத் தெரியாது. அம்மா முப்பது வருஷமாக விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கிப் பாறையிடுக்கில் மரிக்கொழுந்து என்கிற கடற்பாசியைப் பறிக்கிறவர். நீரோட்டம் எந்த மாதம் எப்படித் திரும்பும் என்பது அவர் உடம்புக்குத் தெரியும்.

படித்தவர் சொல்லுக்குக் கூடுதல் எடை என்பது பழைய யோசனை. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல் அப்படித்தான் எழுதினார், இத்தனைக்கும் பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று வாதாடியவர். பிரிட்டனில் பட்டதாரிகளுக்கு இரண்டாவது ஓட்டு 1948 சட்டம் வரும்வரை இருந்தது. இங்கே வெள்ளைக்காரர் காலத்தில் சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டு. 1935 சட்டமும் அதை மாற்றவில்லை. கரைவலை இழுத்த நம் தாத்தாக்களில் எத்தனை பேர் அதில் தேறியிருப்பார்கள்?

குடியரசாகும் முன்பே, 1949 நவம்பர் 25 அன்று, அம்பேத்கர் எச்சரித்தார்: அரசியலில் எல்லாருடைய ஓட்டுக்கும் ஒரே மதிப்பு இருக்கும், சமூக வாழ்க்கையில் அந்தச் சமத்துவத்தை மறுத்துக்கொண்டிருப்போம் என்று. நம் ஊர்க்கூட்டத்தைப் பார்த்துச் சொன்னதுபோல இருக்கிறது. தமிழ்நாட்டில் 2016 முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் பெண்ணுக்கு ஒரு பாய்கூடக் கிடையாது.

விசைப்படகு வைத்திருப்பவர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. கடன் வாங்கிப் படகு இறக்கியிருக்கிறார்கள், முடிவு தவறினால் பெரிய நஷ்டம் அவர்களுக்கு. சரி. ஆனால் பாசிக்குப் போகும் பாதை அடைபட்டால் அம்மாவுக்குப் போவது மொத்தப் பிழைப்பும். ரூபாயில் சின்னதாகத் தெரிகிறது என்பதற்காக அது சின்ன நஷ்டம் ஆகிவிடுமா?

1974-இல் கச்சத்தீவைக் கொடுத்தபோது கடலுக்குப் போகிறவனைக் கேட்டார்களா என்று இன்றும் நாம் கேட்கிறோம். நியாயமான கேள்வி. 1986-இல் 21 தீவுகளை வைத்து மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா வந்தது. தீவோரம் பாசி எடுத்த பெண்களுக்கு அங்கே போக வழியில்லாமல் போனது. அப்புறம் மாதத்தில் 12 நாள்தான் போவது, சுரண்டும் கருவி இல்லாமல் கையால் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்களும் அவர்கள்தான். இதைவிடப் பொறுப்பு யாரிடம் எதிர்பார்க்கிறீர்கள்?

அம்மாவுக்கு இரண்டு ஓட்டு கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. விஷயம் தெரிந்தவர், பாதிக்கப்படுகிறவர் முதலில் பேசட்டும். மற்றவர்கள் வாயைத் திறக்காமல் கடைசிவரை கேட்கட்டும். கை தூக்கும்போது பதினெட்டு வயது ஆன எல்லாருக்கும் ஒரு கை. எனக்கும் ஒரு கைதான், படகுக்காரருக்கும் ஒரு கைதான். தலைக்கட்டு வரியைக் குடும்பக் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள், கருத்தை ஆள் கணக்கில் எடுங்கள்.

அந்த மனுவில் "ஏகமனதாக" என்ற சொல்லை அடித்துவிட்டு, பெண்களை உட்கார வைத்து இன்னொரு முறை பேசுவோம். திருத்திய மனுவை நானே எழுதித் தருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கூட்டம் வைக்காதீர்கள். அப்போது அவர்கள் தண்ணீரில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் ஒரு தாயின் மகள்