பவரா, மேனுவலா?

அன்பு மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஜார்ஜியா டெக்கில் இடம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். வீட்டை விட்டு ரொம்ப தூரம் போகவில்லை என்பதில் தங்கச்சிக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இங்கே நாக்ஸ்வில்லில் எல்லோரும் நலம். அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார், குளிர் மட்டும்தான் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, வண்டிக்கு வருவோம். நீ பார்த்து வைத்திருக்கும் இரண்டு மியாட்டாவும் (மஸ்டாவின் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்) முதல் தலைமுறைதான், இரண்டிலும் 1.6 லிட்டர் இன்ஜின், ஒன்றில் பவர் ஸ்டீயரிங், இன்னொன்றில் அது இல்லாத மேனுவல் ஸ்டீயரிங், எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேனுவலை எடு. ஆனால் அது கம்பெனியிலிருந்தே மேனுவலாக வந்த வண்டியாக இருக்க வேண்டும். பவர் வண்டியை வாங்கிப் பிறகு ஸ்டீயரிங்குக்கு ஆயில் அழுத்தம் கொடுக்கும் பம்பைக் கழற்றிவிடலாம் என்று எழுதியிருக்கிறாயே, அந்த யோசனையை மட்டும் விட்டுவிடு. பவர் வண்டி வாங்கினால் பவராகவே ஓட்டு.

ஏன் சொல்கிறேன் என்றால், இந்த இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் பம்ப் இல்லை. ஸ்டீயரிங் சுற்றுவதை வாங்கி முன் சக்கரங்களைத் திருப்பும் பல் வைத்த தண்டுதான் ரேக். மேனுவல் ரேக்கின் ரேஷியோ 18:1, அதாவது சக்கரம் 1 டிகிரி திரும்ப ஸ்டீயரிங்கை 18 டிகிரி சுற்ற வேண்டும்; பவர் ரேக்கினுடையது 15:1. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்ப மேனுவலில் சுமார் 3.3 சுற்று, பவரில் சுமார் 2.8. அதாவது மஸ்டா மேனுவல் வண்டிக்குக் கையில் பாரம் குறையட்டும் என்றே ரேஷியோவை மெதுவாக வைத்தார்கள், பவரில் பாரத்தை ஆயில் பார்த்துக்கொள்ளும் என்பதால் வேகமாக வைத்தார்கள். பவர் ரேக்கில் பம்பை எடுத்துவிட்டால் வேகமான ரேஷியோ அப்படியே இருக்கும், உதவி மட்டும் போய்விடும். பார்க்கிங்கில் அது மேனுவல் வண்டியைவிடக் கனமாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பவர் ரேக்கில், ரேக்கைத் தள்ளும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்குள்ளே ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. நீ ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கலை வைத்துத்தான் வால்வு எந்தப் பக்கம் ஆயிலை அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. ஆயில் அழுத்தம் இல்லாதபோது அந்த முறுக்கல் வெறும் தளர்வாகக் கையில் தெரியும். அதோடு ரேக்குக்குள் இருக்கும் பிஸ்டன் சீல் ஒவ்வொரு திருப்பத்திலும் உரசிக்கொண்டிருக்கும். பைப்பை வளையமாக இணைத்து ஆயிலை உள்ளேயே சுற்ற விட்டால் அந்த ஆயிலே பிரேக் மாதிரி எதிர்க்கும். ஒழுங்காகச் செய்வதென்றால் ரேக்கை இறக்கிப் பிரித்து, சீலை எடுத்து, வால்வு அசையாதபடி வெல்டிங் வைத்து, கிரீஸ் பூசி மாட்ட வேண்டும். என் மியாட்டாவை முந்தைய உரிமையாளர் அப்படி முழுதாகச் செய்து வைத்திருந்தார், எனக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் நான் தனியாக, சாயங்காலங்களில் மட்டும் ஓட்டுகிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வண்டி என்னும்போது கணக்கு வேறு.

மேனுவல் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இங்கே பக்கத்தில் இருக்கும் டிராகன் சாலை. யுஎஸ் 129, டீல்ஸ் கேப் பக்கம், 11 மைலில் 318 வளைவு என்று சொல்வார்கள். இங்குள்ள நண்பர் ஒருவரிடம் கம்பெனி மேனுவல் வண்டி இருக்கிறது, அங்கே போனால் வண்டியை மாற்றி மாற்றி ஓட்டுவோம். முன் டயர் வளைவில் பிடிப்பை இழப்பதற்குச் சற்று முன்பே ஸ்டீயரிங் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ளும் விசை குறைய ஆரம்பித்துவிடும். மேனுவலில் அது அப்படியே கைக்கு வந்து சேரும், பட்டம் விடும்போது காற்று விழுந்ததும் நூல் லேசாவது போல. மழை ஓய்ந்து, மரநிழலில் சாலை பாதி காய்ந்து பாதி ஈரமாக இருக்கும் நாளில், அந்தச் செய்தி கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிவது பெரிய தைரியம். பவரிலும் இது வரும், முதல் தலைமுறை மியாட்டாவின் பவர் ஸ்டீயரிங் இன்றைய எலக்ட்ரிக் ஸ்டீயரிங்குகள் பலவற்றைவிட நன்றாகவே பேசும், ஆனால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்த மாதிரி வரும்.

மறுபக்கமும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அடுத்தடுத்து எதிரெதிர் வளைவுகள் வந்தால் 15:1 தான் சுகம், மேனுவலில் கையை நிறைய அள்ளிப் போட வேண்டியிருக்கும். கோன் வைத்து ஓட்டும் ஆட்டோகிராஸ் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் பவரையே எடு. அப்புறம், குழியில் விழுந்தால் மேனுவல் ஸ்டீயரிங் கையில் உதைக்கும், பவரில் ஆயில் அதைத் தின்றுவிடும்.

அட்லாண்டா டிராஃபிக்கில் மேனுவல் தாங்குமா என்று பயப்படுகிறாய். அந்தப் பயம் வேண்டாம். ஊருக்கு நடுவே போகும் கனெக்டர் ஹைவேயில் ஊர்ந்து போகும்போது ஸ்டீயரிங்கை எங்கே திருப்பப் போகிறோம்? வண்டி ஓட ஆரம்பித்துவிட்டால் கனமே தெரியாது, எடை சுமார் 950 கிலோதான். கனம் நின்ற இடத்தில் திருப்பினால்தான். மாருதி 800-ல் ஓட்டக் கற்றவர்கள் நாம், சக்கரம் கொஞ்சமாவது உருண்ட பிறகே திருப்ப வேண்டும் என்பது உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. டயரை மட்டும் அகலப்படுத்தாதே, அந்த வண்டிக்கு வந்த 185/60 ஆர்14 போதும். 205 போட்டுவிட்டுக் கை வலிக்கிறது என்று புலம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். காற்று 26 பிஎஸ்ஐ-க்குக் கீழே இறங்க விடாதே.

ஆனால் தங்கச்சிக்குத் தோள்பட்டை வலி இன்னும் முழுசாகப் போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் பெரிய விஷயம். வாங்குவதற்கு முன் அவளை அந்த மேனுவல் வண்டியில் உட்கார வைத்து, உங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங் போல இறுக்கமான இடத்தில் இரண்டு முறை உள்ளே விட்டு வெளியே எடுக்கச் சொல். முகம் சுளித்தால் யோசிக்காமல் பவர் வண்டிக்குப் போ. வேண்டாவெறுப்பாக ஓட்டுவதற்கு இந்த வண்டி எதற்கு?

பார்க்கப் போகும்போது விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாதே. முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லி ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பி எண்ணு. 3.3 வந்தால் அசல் மேனுவல். 2.8 வந்து பம்பும் இல்லை என்றால் யாரோ கழற்றியிருக்கிறார்கள், ரேக்கின் மேல் பைப் மாட்டிய துளைகள் அடைக்கப்பட்டிருக்கும், வால்வுக்கு வெல்டிங் வைத்தார்களா என்று கேள். பவர் வண்டியில் ரேக்கின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் உறையை அழுத்திப் பார், உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சீல் போய்விட்டது, அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேள். முப்பது வருடத்துக்கு மேலான வண்டி, கசிவு இருந்தால் ஆச்சரியமில்லை.

சனிக்கிழமை போவதாக எழுதியிருந்தாய். எண்ணிப் பார்த்ததும் எனக்கு எழுது, வண்டி எதுவானாலும் இலை உதிர்வதற்குள் இரண்டு பேரும் இங்கே ஓட்டிக்கொண்டு வாருங்கள், அப்பாவும் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
உன் மச்சான்